மண்ணால் எழுந்த கோவில்கள்: நியூ மெக்சிகோ தேவாலயச் சுற்றுலா, ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் தென்மேற்கே நியூ மெக்சிகோ மாநிலத்தின் வறண்ட மேட்டு நிலத்தில், ஸ்பானியர் ஆண்ட காலத்திலும் அதன் பின் மெக்சிகோ ஆண்ட காலத்திலும் எழுந்த சிறு தேவாலயங்கள் பல இன்றும் இருக்கின்றன. சில, மக்கள் குடியிருக்கும் பழைய மலைக் கிராமங்களில் வழிபாடு குறையாமல் விளங்குகின்றன. சில, சுரங்கம் ஓய்ந்ததும் ஆட்கள் வெளியேறிப்போன ஊர்களில் தனித்து நிற்கின்றன. இன்னும் சில, சுமார் 350 ஆண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்டுக் கூரையிழந்து, வெறும் சுவர்களாக எஞ்சியிருக்கின்றன. சாண்டா ஃபே நகரில் தங்கியிருந்து இம்மூன்று வகையையும் பார்த்துவர விரும்புவோருக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வடக்கே டாவோஸ் வரை செல்லும் மலைப்பாதையை வழிகாட்டியுடன் கூடிய சுற்றுலா வேனிலும், தெற்கே கோல்டன், மவுண்டனேர் பகுதிகளை வாடகைக் காரை நாங்களே ஓட்டிச் சென்றும் பார்த்தோம்.

இங்குள்ள தேவாலயங்களை அழகை மட்டும் வைத்து வரிசைப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. இவற்றில் பெரும்பாலானவை சுடாத மண்கற்களால் கட்டி, மண்ணாலேயே பூசப்பட்டவை. மழை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போகும். யாராவது மீண்டும் பூசினால்தான் கட்டடம் நிற்கும். ஆகவே அந்தப் பூச்சு வேலை இன்று யார் கையில் இருக்கிறது, வருகிறவர்களுக்கு அதை அந்த இடம் எந்த அளவுக்கு விளங்கவைக்கிறது என்பதையே நான் அளவுகோலாகக் கொண்டேன். இந்த அளவுகோலால் பார்த்தபோது, மிகவும் பேர்பெற்ற இடம் முதலிடம் பெறவில்லை. பூட்டிக் கிடந்த ஒரு கோவில் நான் எதிர்பார்த்ததைவிட மேலே வந்தது.

முதலில் கட்டுமானத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். களியும் மணலும் கலந்த மண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு, நீர் விட்டு மிதித்துக் குழைத்து, மரச்சட்டத்தில் வார்த்து வெயிலில் காயவைக்கிறார்கள். இப்போது அங்கே வழக்கிலுள்ள அளவில் ஒரு கல் 14 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் 4 அங்குலக் கனமும் உடையது. ஏறத்தாழ 15 கிலோ எடையிருக்கும். அடுக்குவதற்கும் அதே மண் குழம்புதான் சாந்து. சுவரின் மேல் உருட்டு மரங்களை உத்தரமாகப் போட்டு, அவற்றின் மேல் கம்புகளைப் பரப்பி, மண்ணைக் கொட்டித் தளமாக்குவார்கள். சுவரின் கனமே கட்டடத்தின் வலிமை என்பதால், மூன்றடி, நான்கடிச் சுவர்கள் இங்கே சாதாரணம். நம் ஊர்களில் செம்மண் சுவர் எழுப்பிப் பண்டிகைக்குப் பண்டிகை மெழுகி வாழ்ந்த வீடுகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, இந்தக் கோவில்களின் இயல்பு சொல்லாமலே விளங்கிவிடும்.

ராஞ்சோஸ் டி டாவோஸ் ஊரிலுள்ள அசிசி புனித பிரான்சிஸ் தேவாலயமே இந்தச் சுற்றில் நான் முதலிடம் கொடுக்கும் இடம். 1772-க்கும் 1816-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் கட்டி முடிக்கப்பட்ட இது, 1970-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நெடுஞ்சாலையிலிருந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவது இதன் முதுகுதான். ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் திரும்பத் திரும்ப வரைந்ததும், புகைப்படக் கலைஞர்களான ஆன்சல் ஆடம்ஸும் பால் ஸ்ட்ராண்டும் படம் பிடித்ததும் அந்தப் பின்புறத்தையே. சுவர் சாய்ந்துவிடாமலிருக்க முட்டுக் கொடுத்த மண் திரள்கள் கீழே பருத்து மேலே ஒடுங்கி எழுகின்றன. சன்னலோ வாசலோ அங்கே கிடையாது. காலை வெயிலில் அதன் மடிப்புகளுக்குள் நிழல் நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் பின்புறத்தைப் படமெடுத்துவிட்டு அப்படியே புறப்பட்டுப் போகிறவர்களே அதிகம் என்பது வருத்தமளிக்கிறது. இந்தக் கட்டடத்தின் உண்மையான வரலாறு அதன் பூச்சுக்குள் இருக்கிறது.

1967-இல் நடந்த சீரமைப்பின்போது, ஆண்டுதோறும் மண் பூசும் சுமையிலிருந்து விடுபடலாம் என்ற எண்ணத்தில் சுவர்களுக்குச் சிமெண்டுப் பூச்சு கொடுத்தார்கள். அந்த எண்ணத்தில் தவறு காண முடியாது. அக்காலத்தில் அந்த மாநிலமெங்கும் நல்ல நோக்கத்தோடுதான் அப்படிச் செய்தார்கள். ஆனால் மண்சுவரும் சிமெண்டும் ஒத்துப்போவதில்லை. வெயிலிலும் குளிரிலும் மண் ஒரு விதமாக விரிந்து சுருங்குகிறது, சிமெண்டு வேறு விதமாக. அந்த வேறுபாட்டால் மயிரிழை விரிசல்கள் விழுகின்றன. விரிசல் வழியே மழைநீர் உள்ளே இறங்குகிறது. மண்பூச்சாக இருந்தால் வெயிலில் ஆவியாகி வெளியேறியிருக்கும் அந்த ஈரம், சிமெண்டு ஓட்டுக்குள் சிக்கிக்கொண்டு மண்கல்லைச் சேறாக்குகிறது. வெளியே பார்த்தால் சுவர் பளிச்சென்று இருக்கும், உள்ளே அடித்தளம் உளுத்துக்கொண்டிருக்கும். ராஞ்சோஸில் இந்தச் சேதம் தெரியவந்தபோது, அந்தத் தேவாலயத்தைச் சேர்ந்த பங்கு மக்கள் 1979-இல் சிமெண்டைப் பெயர்த்தெறிந்துவிட்டு மண்பூச்சுக்கே திரும்பினார்கள். அன்று முதல் ஆண்டுதோறும் கோடையின் தொடக்கத்தில் ஊரார் கூடி, ஏறத்தாழ இரண்டு வாரம் இந்த வேலையைச் செய்கிறார்கள்.

இந்தச் சுற்றைப் பூச்சு வேலை நடக்கும் அந்த நாட்களை ஒட்டி அமைத்துக்கொள்ளும்படி உறுதியாகச் சொல்வேன். மண்ணைச் சலித்து, வைக்கோல் சேர்த்துக் குழைத்து, ஏணிகளில் நின்று பூசும் வேலையில் சிறுவர் முதல் முதியோர் வரை பங்கு உண்டு. வெளியூர்க்காரர்களும் கைகொடுக்க முன்வந்தால் பெரும்பாலும் மறுப்பதில்லை என்றாலும், பங்கு அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் சேர்ந்துகொள்வதே முறை. முரட்டுப் பூச்சு காய்ந்த பிறகு, நுண்மையான களியைக் கரைத்து மேற்பூச்சு தருவது இப்பகுதியின் வழக்கம். அதை ஆட்டுத்தோலால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். பழங்காலத்தில் இந்தப் பூச்சு வேலை பெண்களுடைய தனித்திறமையாக இருந்தது. சுவரை மிக அருகே நின்று பார்த்தால், வைக்கோல் துணுக்குகள் மண்ணுக்குள் பொன்னிறக் கீற்றுகளாக மின்னுவதும், ஒரு கையின் வீச்சு முடிந்து இன்னொரு கையின் வீச்சு தொடங்கும் இடம் மெல்லிய வரம்பாகத் தெரிவதும் கண்ணில் படும். அந்த வரம்புகளைத் தேடிப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

கோவிலின் உள்ளே படமெடுக்கக் கூடாது. அந்த விதியைக் காவலர் இல்லாவிட்டாலும் மதிக்க வேண்டும். பீடத்துக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் வண்ணப் பலகைத் திரையும், உள்ளூர் மரச் சிற்பிகள் செதுக்கிய சுரூபங்களும் மங்கிய வெளிச்சத்தில் பார்க்க வேண்டியவை. அருகிலுள்ள பங்கு மண்டபத்தில் ஹென்றி ஆல்ட் என்பவர் 1896-இல் வரைந்த இயேசுவின் ஓவியம் ஒன்றைச் சிறு கட்டணத்தில் காட்டுகிறார்கள். விளக்கை அணைத்ததும் இயேசுவின் பின்னணி ஒளிர்ந்து, தோளில் சிலுவை இருப்பதுபோல் ஒரு நிழல் தெரிகிறது. பலர் இதற்காகவே வருகிறார்கள். எனக்கோ, பூச்சு வேலை பற்றி அங்கே சொல்லப்படும் விளக்கமே கட்டணத்தைவிடப் பன்மடங்கு மதிப்புடையதாகத் தோன்றியது.

இனி, எங்களை அழைத்துச் சென்ற வேன் சேவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இத்தகைய சேவைகள் பலவற்றின் போக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வண்டி சுத்தமாக இருந்தது, குடிநீர் தாராளமாகக் கொடுத்தார்கள், ஓட்டுநர் மலைப்பாதையில் நிதானமாக ஓட்டினார். குறை, நேரத்தைப் பங்கிட்ட விதத்தில் இருந்தது. வழியிலுள்ள கைவினைக் கடைகளில் தாராளமாக நிற்க முடிந்த வண்டிக்கு, மலைக் கிராமமான லாஸ் டிராம்பாஸின் கோவில் முன் நிற்க நேரமில்லை. கதவு பூட்டியிருக்கிறது, வெளியிலிருந்து பார்த்துவிட்டு ஏறுங்கள் என்று வழிகாட்டி சொன்னபோது, வேனிலிருந்த பலர் இறங்கவே இல்லை. சுவர் எதனால் ஆனது, யார் பூசுகிறார்கள் என்று கேட்டதற்கு, மிகப் பழைய கட்டடம் என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. கட்டணம் கொடுத்து வழிகாட்டியை அமர்த்துவது இந்தக் கேள்விகளுக்காகத்தானே! முன்பதிவு செய்யும்முன், எந்தக் கோவிலில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள், கதவு திறக்க முன்கூட்டியே ஏற்பாடு உண்டா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் மீண்டும் போவதாக இருந்தால் இந்தப் பாதையைக் காரிலேயே செய்வேன். 503, 76, 75, 518 ஆகிய சாலைகளை அடுத்தடுத்துப் பிடித்தால் போதும்.

லாஸ் டிராம்பாஸில் இறங்காமல் போனவர்கள் இழந்தது சிறிதன்று. 1751-இல் ஆளுநர் தோமாஸ் வேலெஸ் கச்சுப்பின் வழங்கிய நிலக்கொடையின்படி, ஹுவான் தெ ஆர்குவெல்யோ என்பவரின் தலைமையில் 12 குடும்பங்கள் சாண்டா ஃபேயிலிருந்து வந்து இங்கே குடியேறின. கொமாஞ்சி என்ற பூர்வகுடியினரின் குதிரைப்படைத் தாக்குதலிலிருந்து தெற்கிலுள்ள ஊர்களைக் காக்கும் வேலியாகவே அரசு இவர்களை இந்த மலைப் பள்ளத்தாக்கில் அமர்த்தியது. ஆகவே நடுவே முற்றம் விட்டு, வீடுகளை மதிலாகச் சேர்த்துக் கட்டிய ஊர் இது. கோவில் கட்ட 1760-இல் ஆயரின் அனுமதி கிடைத்தது. 1776-க்குள் வேலை முடிந்தது. புனித சூசையப்பர் பெயரால் விளங்கும் இந்தக் கோவிலும் 1970-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று.

முகப்பில் இரண்டு சிறு மணிக்கூண்டுகள், அவற்றுக்கு இடையே வாசலுக்கு மேல் ஒரு மரமாடம். பவனி நாட்களில் பாடகர்கள் அதில் நின்று பாடுவதற்கு வசதியான அமைப்பு இது. இந்தக் கட்டடத்தின் நுட்பம், வெளியிலிருந்து பக்கவாட்டில் பார்க்கும்போதே புரிகிறது. மக்கள் அமரும் பகுதியின் கூரை தாழ்ந்தும், பீடத்தின் பக்கக் கூரை சற்று உயர்ந்தும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் படியில், கோவிலின் குறுக்கே நீளமாக ஒரு சாளரம் வைத்திருக்கிறார்கள். உள்ளே நிற்பவருக்கு அந்தச் சாளரம் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் மட்டும் எங்கிருந்தோ வந்து பீடத்தின் மேல் இறங்கும். கண்ணாடி அரிதாகவும் பகைவர் அச்சம் நாள்தோறுமாகவும் இருந்த காலத்தில், பக்கச் சுவர்களில் பெரிய சன்னல் வைக்க முடியாத நிலையில், கொத்தனார்கள் கண்டுபிடித்த தீர்வு இது. ஏழைக் குடியேறிகள் கட்டிய ஒரு மண்கோவிலுக்குள் இப்படியொரு அறிவு ஒளிந்திருப்பதை எண்ணும்போது எனக்குப் பெருமதிப்பு உண்டாகிறது.

கதவு பூட்டியிருப்பதை ஒரு குறையாக எழுதும் மதிப்புரைகளை நான் ஏற்கவில்லை. இது அருங்காட்சியகம் கிடையாது. மிகச் சிறிய ஊர் ஒன்று தனக்கென வைத்துக் காக்கும் வழிபாட்டிடம். பழைய சுரூபங்களும் ஓவியங்களும் சந்தையில் பெருவிலைக்குப் போகும் பொருட்கள் என்பதால், இப்பகுதியின் கோவில்கள் திருட்டுக்கு அஞ்சியே கதவை அடைக்கின்றன. கோடையில் சில நாட்கள் திறந்திருக்கும். திருப்பலி நாட்களிலும் உள்ளே போகலாம். மூடியிருந்தால் சுற்றுச்சுவருக்கு வெளியே நடந்து, ஊரை ஒட்டி வாய்க்கால் நீரைப் பள்ளத்துக்கு மேலாகக் கொண்டுசெல்லும் மரத்தொட்டிகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். குடைந்த மரத்தண்டுகளை வரிசையாக வைத்து நீர் பாய்ச்சும் அந்த அமைப்பு, இந்த ஊர் இத்தனை ஆண்டுகள் எதனால் பிழைத்தது என்பதைக் கோவிலுக்கு இணையாகச் சொல்கிறது.

அடுத்த பிக்குரிஸ் பூர்வகுடி ஊரில் புனித லாரன்ஸ் தேவாலயம் இருக்கிறது. அங்கும் கடினப் பூச்சுக்குள் சிக்கிய ஈரம் சுவர்களைக் கெடுத்ததால், அந்த மக்கள் தங்கள் கையாலேயே மண்கல் வார்த்து மீண்டும் கட்டினார்கள். இது ஒரு தனி இனத்தாரின் ஆட்சிக்கு உட்பட்ட ஊர் என்பதால், நுழைவதற்கும் படமெடுப்பதற்கும் அவர்களிடம் கேட்க வேண்டும்.

இந்தப் பாதையில் மிகவும் பேர்பெற்றது சிமாயோ. ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் பேர் வருவதாகச் சொல்லப்படும் திருத்தலம் இது. புனித வாரத்தில், குறிப்பாகப் பெரிய வெள்ளியன்று, நாற்புறத்திலிருந்தும் மக்கள் நடந்தே வருகிறார்கள். பெர்னார்தோ அபெய்த்தா என்பவர் 1813 முதல் 1816 வரை இக்கோவிலைக் கட்டினார். குவாத்தமாலா நாட்டின் எஸ்கிப்புலாஸ் ஊரில் வழிபடப்படும் பாடுபட்ட ஆண்டவரின் பெயரால் எழுந்தது இது. சிமாயோவின் மண்ணைப் போலவே அந்த ஊர் மண்ணும் நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கை உண்டு. 1929 வரை இந்தக் கோவில் குடும்பச் சொத்தாகவே இருந்தது. வறுமையால் அதன் பொருட்கள் விற்பனைக்கு வந்த நிலையில், ஸ்பானியக் குடியேற்றக் காலக் கலைகளைப் பேணும் சங்கம் ஒன்று நன்கொடை திரட்டி வாங்கி மறைமாவட்டத்திடம் ஒப்படைத்தது. அந்த முயற்சி இல்லாதிருந்தால் இன்று நாம் பார்க்கும் ஐந்து ஓவியத் திரைகளும் எங்கெங்கோ சிதறிப்போயிருக்கும்.

பீடத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு தாழ்ந்த அறையில், தரையில் சிறிய வட்டக் குழி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து மண்ணை அள்ளி நெற்றியிலும் நோயுற்ற இடத்திலும் பூசிக்கொள்கிறார்கள், சிறு பையில் கட்டி வீட்டுக்கும் எடுத்துப் போகிறார்கள். அருகிலிருக்கும் மலையிலிருந்து மண்ணைக் கொண்டுவந்து குழியை நிரப்புவதைக் கோவில் பொறுப்பாளர்கள் மறைப்பதில்லை. மண் தானே ஊறுவதாக யாரும் அங்கே ஏமாற்றுவதில்லை. அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பக்கத்து அறைச் சுவர்களில் ஊன்றுகோல்களும் புகைப்படங்களும் நேர்ச்சைக்கடனாக மாட்டப்பட்டிருக்கின்றன. சற்றுத் தள்ளி, 1857-இல் செவெரியானோ மெதினா கட்டிய குழந்தை இயேசு சிற்றாலயத்தில் குழந்தைகளின் காலணிகள் வரிசையாக இருக்கும். இரவில் உதவி செய்ய நடந்து நடந்து குழந்தை இயேசுவின் காலணி தேய்ந்துவிடுகிறது என்ற நம்பிக்கையில் அவற்றை வைக்கிறார்கள். ஒரு கைவிரலளவே இருந்த பின்னல் காலணி ஒன்றில் மருத்துவமனைப் பட்டை கட்டியிருந்தது. அதை வைத்தவர் எதை வேண்டியிருப்பார் என்று யோசித்தபடி நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

இவ்வளவு இருந்தும் சிமாயோவுக்கு நான் முதலிடம் தராததற்குக் காரணம் கூட்டம். நடுப்பகலில் வரிசையில் நகர்ந்து, பின்னால் நிற்பவருக்காக விரைந்து மண்ணை அள்ளிக்கொண்டு வெளியேறும் அனுபவம், அந்த இடத்துக்கு உரியதாக இல்லை. கடைகளும் வாகன நிறுத்தமும் நாளுக்கு நாள் விரிந்திருக்கின்றன. மறுபக்கம், பிற ஊர்களில் கிடைக்காத கழிவறை, நிழல், முதியோர் நடக்கத்தக்க பாதை ஆகிய வசதிகள் இங்கே நன்றாக இருக்கின்றன. வயதானவர்களை அழைத்துச் செல்வோருக்கு இந்தப் பாதையிலேயே மிகவும் ஏற்ற இடம் இதுதான். காலை திறந்தவுடன் போய்விடுங்கள். உள்ளூரில் விளையும் சிமாயோ மிளகாயின் தூளை வாங்கலாம். காரத்தைவிட மணமும் மெல்லிய இனிப்பும் முன்னே நிற்கும் மிளகாய் அது.

தெற்குச் சுற்று முற்றிலும் வேறு வகை. சாண்டா ஃபேயிலிருந்து 14-ஆம் எண் சாலையில் இறங்கினால், முன்னாள் நிலக்கரி ஊரான மாட்ரிட்டைத் தாண்டிக் கோல்டன் வருகிறது. 1820-களில் ஓர்டிஸ் மலைகளில் பொன் கண்டுபிடிக்கப்பட்டதால் இந்தப் பக்கம் ஊர்கள் முளைத்தன. கலிபோர்னியாவின் பொன் வேட்டைக்கு இருபது ஆண்டுகள் முந்தியது இது. 1880-இல் கோல்டனுக்கு வந்த அஞ்சலகம் 1928-இல் மூடப்பட்டது. அதற்குள் பொன்னும் ஆட்களும் குறைந்துபோயிருந்தார்கள். இன்று சில வீடுகளும், இடிந்த கற்சுவர்களும், மேட்டின்மேல் அசிசி புனித பிரான்சிஸ் பெயரிலான சிறு தேவாலயமும் அதைச் சுற்றிக் கல்லறைகளும் இருக்கின்றன. அந்த மாநிலத்திலேயே பிறந்து பிரான்சிஸ்கன் துறவியாகி, வரலாற்றாசிரியராகவும் கவிஞராகவும் விளங்கிய அங்கெலிகோ சாவெஸ் அடிகளார், 1960-இல் இதைச் சீரமைத்தார். ஆவணக் காப்பகங்களில் தம் மக்களின் குடிவழிகளைத் தேடி எழுதிய ஒருவர், ஆளில்லா ஊரின் கோவிலையும் எழுப்பி நிறுத்தினார் என்பது இந்தச் சிறு கட்டடத்தின் மேல் எனக்குத் தனி அன்பை உண்டாக்கியது.

கோல்டனில் சேவை என்று மதிப்பிட எதுவுமில்லை. கதவு பெரும்பாலும் பூட்டியிருக்கும், சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு மேடேற வேண்டும், நிழல் கிடையாது. கல்லறைத் தோட்டத்துக்குள் கம்பிவேலி தாண்டி ஏறுவதும், மரச்சிலுவைகளில் சாய்ந்து படமெடுப்பதும் அங்கே அடிக்கடி நடப்பதைப் பார்த்தோம். ஆளில்லாத ஊர் என்று அழைக்கப்பட்டாலும், அந்தக் கல்லறைகளுக்குப் பூ வைக்கப் பிள்ளைகளும் பேரர்களும் வந்துகொண்டிருக்கிறார்கள். பல கல்லறைகளில் பூக்கள் அண்மையில் வைத்தவையாகவே இருந்தன. ஆகவே இதைக் கால்மணி நேரக் காட்சியிடமாகக் கருதுவோர் தயவுசெய்து சாலையிலிருந்தே பார்த்துக்கொள்ளட்டும்.

அங்கிருந்து தெற்கே மவுண்டனேர் ஊரை மையமாக வைத்து, அபோ, குவராய், கிரான் கிவிரா ஆகிய மூன்று பாழூர்கள் இருக்கின்றன. சலினாஸ் புவேப்லோ மிஷன் தேசிய நினைவிடம் என்ற பெயரில் மத்திய அரசின் தேசியப் பூங்காத் துறை இவற்றைப் பராமரிக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. அபோ மேற்கே 14 கிலோமீட்டர், குவராய் வடக்கே 13, கிரான் கிவிரா தெற்கே 40. மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம், ஆனால் பெட்ரோலையும் குடிநீரையும் மவுண்டனேரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

குவராயின் அமல உற்பவ மாதா கோவில் செம்மணற்கல்லால் ஆனது. ஏறத்தாழ 40 அடி உயரச் சுவர்கள் கூரையின்றி வானத்துக்குத் திறந்து நிற்கின்றன; மாலை வெயிலில் அந்தச் சிவப்பு கனன்று எரிகிறது. மூன்றில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருப்பவர்கள் இதையே பார்க்கட்டும். அபோவில், துறவிகளின் இல்லத்து முற்றத்துக்குள்ளேயே பூர்வகுடிகளின் வட்டமான சடங்கு நிலவறை ஒன்று இருப்பது பார்க்கத்தக்கது. ஒரே வளாகத்தில் இரண்டு சமயங்களின் இடங்களும் எப்படி அமைந்தன என்பது குறித்து ஆய்வாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கிரான் கிவிராவுக்கு ஆயத்தமான மனத்தோடு போக வேண்டும். சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல்லில் புனித பொனவெந்தூர் பெயரால் தொடங்கிய பெரிய தேவாலயம் முடிக்கப்படவே இல்லை. உப்பு வணிகத்தால் செழித்த ஊர் இது. ஸ்பானியர் வந்தபின், விளைச்சலிலும் துணியிலும் வரி, அதன் மேல் கோவில் கட்டும் உழைப்பு என்று சுமை ஏறியது. புவேப்லோ எனப்படும் இப்பகுதிப் பூர்வகுடி மக்களிடையே சுவர் எழுப்புவது பெண்களின் வேலை என்பதால், இந்தக் கோவில்களின் கற்களில் பெரும்பகுதி பெண்களும் சிறுவர்களும் சுமந்து அடுக்கியவை. 1660-களின் வறட்சியில் பயிர் பொய்த்தது. 1668-இல் இந்த ஒரே ஊரில் 450-க்கும் மேற்பட்டோர் பட்டினியால் இறந்ததாக அக்காலத் துறவி ஒருவரின் கடிதம் சொல்கிறது. அப்பாச்சி என்ற வேறொரு பூர்வகுடியினரின் தாக்குதலும் கொள்ளைநோயும் சேர்ந்துகொள்ள, 1670-களின் முடிவுக்குள் மூன்று ஊர்களும் வெறிச்சோடின. வடக்கிலுள்ள கோவில்களைத் தங்கள் கையால் பூசிக் காப்பவர்கள், அவற்றைக் கட்டியவர்களின் வழிவந்தவர்கள். இங்கோ, கட்டியவர்களை அந்தக் கட்டுமானமே வாட்டியது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் இப்பகுதியின் தேவாலயங்களைப் புகழ்வது நேர்மையாகாது. பூங்காத் துறை அதை மறைக்காமல் பலகைகளில் எழுதியிருக்கிறது. வரவேற்பு மையங்களில் இருப்பவர்களும் கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாக விடை தந்தார்கள். விளக்கம் என்ற ஒரு கோணத்தில் மட்டும் பார்த்தால், முழுப் பயணத்திலும் மிகச் சிறந்த சேவை கட்டணமில்லாத இந்த இடத்தில்தான் கிடைத்தது.

பருவத்தைப் பொறுத்தவரை, மே முடிவு முதல் ஜூன் பாதி வரையும், பிறகு செப்டம்பர், அக்டோபரும் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை திடீரென்று கொட்டும். குளிர்காலத்தில் வடக்கு மலைப்பாதையில் பனி விழும். சாண்டா ஃபே கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால், சமவெளியிலிருந்து நேரே வருகிறவர்களுக்கு முதல் நாள் தலைவலியும் மூச்சிரைப்பும் வரலாம். அன்றைக்குச் சாண்டா ஃபேயில் ஓய்வெடுத்துக்கொள்வது நல்லது. சிறு குழந்தைகளுடன் போகிறவர்கள் வடக்குச் சுற்றில் சிமாயோவையும் ராஞ்சோஸையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். தெற்கில் நிழலற்ற நடைபாதைகளே அதிகம் என்பதால், வெயில் தாங்காதவர்களுக்கு கிரான் கிவிராவைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியாக, பணத்தைப் பற்றி. இந்தக் கோவில்கள் எதிலும் நுழைவுச்சீட்டு கிடையாது, ஆனால் காணிக்கைப் பெட்டி எங்கும் உண்டு. வேன் கட்டணத்துக்குக் கணக்குப் பார்க்காதவர்கள் அந்தப் பெட்டியில் சில்லறையோடு நிறுத்திக்கொள்வது முறையன்று. லாஸ் டிராம்பாஸ் போன்ற சிற்றூர்களுக்கு வைக்கோலும் மண்ணும் ஏற்றிவரும் வண்டிக்கே செலவாகிறது. கதவு பூட்டியிருந்து பெட்டியை அணுக முடியாவிட்டால், 1986 முதல் இம்மாநிலத்தின் சிற்றூர் மக்களுக்கு மண்கட்டடங்களைப் பழைய முறையில் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்துவரும் கார்னர்ஸ்டோன்ஸ் என்ற அறநிறுவனத்துக்கு அனுப்பலாம்; கொத்தனாரை அனுப்பிக் கட்டிக்கொடுத்துவிட்டுப் போகாமல், ஊராரையே வேலையில் இறக்கிப் பழக்குவது அவர்களுடைய முறை. ஜூன் மாதம் போகிறவர்கள் அழுக்கானாலும் பரவாயில்லை என்று ஒரு பழைய சட்டையையும் பெட்டியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.